உதறிப் பார்க்கும் பழக்கம்

பழைய புத்தகம் எது கையில் கிடைத்தாலும், அதை முதுகைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிட்டு நாலு உதறு உதறுவதுதான் என் முதல் வேலை. பெயர், எழுதியவர் எல்லாம் அதற்குப் பிறகு. போன ஞாயிற்றுக்கிழமை ஈப்போவில் ஒரு பேரங்காடியின் கீழ்த்தளத்தில், பழைய புத்தகங்களைக் கூடை கூடையாகக் கொட்டி விற்ற இடத்தில் இதைத்தான் செய்துகொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் வழக்கம்போல இரண்டு கடை தள்ளிப்போய், என்னைத் தெரியாதவர் மாதிரி நின்றுகொண்டார். விற்பனையைப் பார்த்துக்கொண்டிருந்த பெண்ணுக்குத்தான் பொறுக்கவில்லை.

"அக்கா, பிஞ்சிரும்லா. உள்ள என்னா தேடுறீங்க?"

"ஒன்னும் இல்லம்மா. சும்மா."

சும்மாவாவது ஒன்றாவது. பத்துப் பன்னிரண்டு வருஷமாகத் தேடுகிறேன். அன்றைக்குக் கையில் இருந்தது, மூன்று பாகமாக வந்த ஓர் ஆங்கில நாவலின் கடைசிப் பாகம். சாம்பல் நிறத்தில் ஒரு கதவுப் படம், கதவில் ஓர் எண். பள்ளிக்கூடப் பிள்ளைகள் படிக்கிற புத்தகம் என்பார்கள். வேலைக்குப் போய்க்கொண்டிருந்த இருபத்து நான்கு வயதில் நான் இதன் முதல் இரண்டு பாகங்களுக்காகப் பேய் பிடித்தவள் மாதிரி அலைந்திருக்கிறேன். மூன்றாவதைத் தொட்டதே இல்லை. ஏன் தொடவில்லை என்று சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் எனக்கு எதையும் நேராகச் சொல்ல வராது, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

புத்தகத்தை முகர்ந்து பார்த்தேன். ஈரம் காய்ந்த காகித வாசம். எனக்கு அந்த வாசம் வந்தால் கூடவே ரப்பர் பாலில் கலக்கிற அம்மோனியா நெடியும் வந்துவிடும். நாங்கள் இருந்தது பீடோர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டம். பேர்தான் ரப்பர் தோட்டம். மரத்தை எல்லாம் வெட்டி, எண்ணெய்க்குச் செம்பனை வைத்து, செம்பனைக்கும் வெளிநாட்டு ஆட்கள் வந்துவிட்ட பிறகு, நாங்கள் குடியிருப்பதற்கு மட்டும்தான் தோட்டத்து ஜனம். வேலைக்கு எல்லாரும் ஈப்போ பக்கம் ஒரு கையுறைத் தொழிற்சாலைக்குப் போனோம். காலையில் தொழிற்சாலை பஸ், நாங்கள் இருந்த வரிசை வீடுகளான லயத்து வாசலில் வந்து ஆரன் அடிக்கும். போக ஒரு மணி நேரத்துக்கு மேல், வரவும் அதே. பால் வெட்டுகிற வேலையிலிருந்து தப்பித்தோம் என்று பார்த்தால், கடைசியில் அதே பாலைக் கையுறையாக்கித்தான் சாப்பிட்டோம். உடுப்பில் ஏறிய நெடி மட்டும் போகவே இல்லை.

பஸ்ஸில் என் பக்கத்து இருக்கை மாரியக்காவுக்கு. லயத்தில் எங்கள் வீடு பதினாறு, அவளுடையது பதினேழு. நடுவில் ஒரு பலகைச் சுவர்தான். இந்தப் பக்கம் நான் தும்மினால் அந்தப் பக்கத்திலிருந்து "இஞ்சி தட்டிப் போட்டுக் குடிம்மா" என்று குரல் வரும். நாற்பத்தைந்து வயதிருக்கும். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவளுடைய அம்மா போன பிறகு ஒற்றை ஆள். தொழிற்சாலையில் அவள் பேக்கிங், நான் ஸ்டோரில் கிளார்க். தோட்டத்து வழக்கப்படி என்னைக் 'கிராணியம்மா' என்று கேலி செய்வாள். எழுத்து வேலை பார்க்கிறவர்கள் எல்லாரும் அவளுக்குக் கிராணிதான்.

நாவல் எப்படி வந்தது என்றால், ஈப்போ பழைய கடைத்தெருவில் ஒரு மாடியில் வாடகைக்குப் புத்தகம் விடுகிற கடை ஒன்று இருந்தது. நடத்தியது ஒரு சீன ஆன்ட்டி. பஸ்ஸில் போகிற நேரத்துக்குத் தடிமனாக ஏதாவது வேண்டும் என்று முதல் பாகத்தை எடுத்தேன். மறுநாளே மாட்டிக்கொண்டேன். ஸ்டோரில் அட்டைப்பெட்டிகளுக்குப் பின்னால் நின்று படித்தேன். சோறு வைத்துவிட்டுப் படித்து, பானை கருகிய வாடை வந்த பிறகு எழுந்து ஓடினேன். புத்தகம் கையில் இல்லாத நேரத்தில் காலை ஆட்டிக்கொண்டே இருப்பேன். எதிரில் இருப்பவர்கள் பேசுவது காதில் விழாது. அம்மா எனக்கு யாரோ ஒருத்தன் கிடைத்துவிட்டான் என்றே முடிவு கட்டிவிட்டார்.

ஒரு நாள் பஸ்ஸில் மாரியக்கா தோளில் இடித்தாள். "என்னாடி மூஞ்சிய இப்புடி வச்சிருக்க? யாரு செத்தா?"

சொன்னேன். அந்த நாட்டில் ஆளுக்குப் பேர் கிடையாது, வீட்டு எண்தான் பேர். சங்கு ஊதினால் எழும்ப வேண்டும், சங்கு ஊதினால் தின்ன வேண்டும். திடீரென்று ஒரு நாள் ஒரு சீட்டு வரும். சீட்டு வந்த வீட்டுக்காரர்கள் பொழுது சாய்வதற்குள் காலி செய்துவிட்டு வேறு எண்ணுக்குப் போய்விட வேண்டும். எந்த இடத்தையும் யாரும் என் வீடு என்று சொல்லிவிடக் கூடாது, அதற்குத்தான் இந்த ஏற்பாடு. அப்படித் தூக்கி எறியப்பட்ட குடும்பத்தில் பதினாறு வயதுப் பெண் ஒருத்தி, பழைய வீட்டைத் தேடித் திரும்பி நடக்கிறாள். கதையே அந்த நடைதான்.

மாரியக்கா வெற்றிலையை மென்று முடித்துவிட்டுச் சொன்னாள். "சங்கு, நம்பரு வூடு, கெளம்புன்னா கெளம்பணும். இதுல என்னாடி அதிசயம்? எழுதுன ஆளு நம்ம தோட்டத்துல இருந்திருப்பான்லா."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. உலகத்திலேயே இல்லாத ஒரு கொடுமையைக் கண்டுபிடித்து எழுதியிருக்கிறார்கள் என்று நான் வாயைப் பிளந்து படித்துக்கொண்டிருந்தால், இவள் பெரட்டுக் களத்தில் ஆள் கணக்கு எடுக்கிற கதை மாதிரிச் சொல்லிவிட்டாள். ஆனால் மறுநாள் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் அவளே ஆரம்பித்தாள். "அப்பறம் அந்தப் பொண்ணு என்னாச்சு?" அந்தப் பெண்ணின் ஆங்கிலப் பேர் வாயில் நுழையவில்லை என்று பவானி என்று பேர் வைத்துவிட்டாள். பிறகு தினமும் போகும்போது நான் படிப்பேன், வரும்போது அக்காவுக்குச் சொல்வேன். முன் இருக்கைப் பெண்கள் சத்தமாகப் பேசினால் அதட்டுவாள். பவானிக்குக் காலில் புண் வந்த அன்றைக்கு, மஞ்சள் வைத்துக் கட்டச் சொல்லு என்றாள்.

இந்தச் சமயத்தில்தான் தோட்டத்தை விற்றார்கள். லயத்தை இடிக்கப் போவதாகவும், பரம்பரையாய் அங்கே வேலை செய்த குடும்பங்களுக்குப் பக்கத்திலேயே ஆளுக்கொரு வீடு கட்டித் தருவதாகவும் பேச்சு. தோட்டத்தில் வேலை செய்ததற்கு அத்தாட்சி காட்ட வேண்டும். காகிதம் இல்லாதவர்கள் பழைய மண்டோரிடம், அதாவது வேலை வாங்கிய மேற்பார்வையாளரிடம், சாட்சிக் கையெழுத்து வாங்கிக் கொடுக்கலாம். எல்லாம் குறிப்பிட்ட ஒரு வெள்ளிக்கிழமைக்குள். எங்கள் அப்பாவிடம் சம்பளச் சீட்டுகள் கட்டுக்கட்டாக இருந்தன. மாரியக்காவிடம் இருந்தது ஒரே ஓர் அட்டை.

அதை ஒரு வியாழக்கிழமை பஸ்ஸில் என்னிடம் கொடுத்தாள். என் ஸ்டோர் ஆபீசில் போட்டோஸ்டேட் மெஷின் இருந்தது. உள்ளங்கை அகலம், பழுப்பு நிறம், ஓரமெல்லாம் துணி மாதிரி நைந்திருந்தது. அவளுடைய அம்மா பேர், வீடு பதினேழு, கீழே ஊதா மையில் ஒரு பெருவிரல் ரேகை.

"சாக்கிரதம்மா. எங்கம்மாவுக்கு ஒரு படம்கூட எடுத்ததில்ல. இந்த வெரலுதான் இருக்கு."

"நான் பாத்துக்குறேன்கா" என்று சொல்லி, மடங்கிவிடக் கூடாது என்று நாவலுக்குள் வைத்தேன். நான் அதைப் பத்திரப்படுத்தத்தான் அங்கே வைத்தேன் என்பதை இன்றைக்கும் யாரிடமாவது சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும் போலிருக்கிறது.

மறுநாள் வெள்ளிக்கிழமையே போட்டோஸ்டேட் எடுத்திருக்கலாம், கெடு அதற்கு அடுத்த வெள்ளிக்கிழமைதான். மெஷின் சும்மாதான் கிடந்தது. ஆனால் முதல் பாகத்தில் இன்னும் முப்பது பக்கம் மிச்சமிருந்தது, மதிய இடைவேளை அதற்கே போய்விட்டது. சாயங்காலம் பஸ்ஸில் பவானியை ஓர் ஆற்றங்கரையில் மாட்டிக்கொண்ட நிலையில் விட்டு, பாகம் முடிந்துபோச்சு என்றேன். அக்கா துடித்துப்போனாள். "நாளைக்கே போயி அடுத்த புக்க எடுத்துரு. ஞாயித்துக்கெழம பூரா படி. திங்கக்கெழம எனக்குக் கதை வேணும்."

சனிக்கிழமை எங்களுக்கு அரை நாள். புத்தகக் கடையும் ஒரு மணிக்கெல்லாம் மூடிவிடும். இரண்டாம் பாகத்தை எனக்காக எடுத்து வைப்பதாகவும், நான் வராவிட்டால் அடுத்தவருக்குப் போய்விடும் என்றும் ஆன்ட்டி சொல்லியிருந்தார். வேகாத வெயிலில் ஓடினேன். எனக்குப் பின்னால் முக்காடு போட்ட ஒரு கல்லூரி மாணவி முதல் பாகத்துக்காகக் காத்து நின்றாள். நான் திருப்பிக் கொடுத்த புத்தகம் மேசையைக்கூடத் தொடவில்லை. ஆன்ட்டி பேரை எழுதிக்கொள்ள, என் கையிலிருந்து நேராக அவள் கைக்குப் போனது. நான் வேறு சிரித்துக்கொண்டே, "நல்லாருக்கும், அழுதுருவீங்க" என்றேன்.

திங்கட்கிழமை காலையில் பஸ்ஸில் அக்கா கேட்டாள். "அந்த அட்டைய போட்டோஸ்டேட் எடுத்தியாம்மா?"

அந்த விநாடிவரை எனக்கு அது ஞாபகமே இல்லை. வாய் மட்டும் எனக்கு முன்னால் ஓடிவிட்டது. "எடுத்து, அட்டையோட தோட்டத்து ஆபீஸ்லயே குடுத்துட்டேன்கா. நீங்க அலைய வேணாம்."

"நல்லவேளை. எனக்கு அங்கலாம் பேசத் தெரியாது" என்றாள். பிறகு இருக்கையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு, "ஆத்துலேந்து ஏறிட்டாளா?" என்றாள்.

செவ்வாய்க்கிழமை பல் வலி என்று பாதி நாளில் கிளம்பிப் புத்தகக் கடைக்கு ஓடினேன். ஆன்ட்டி அந்தப் பெண்ணின் தொலைபேசி எண்ணைக் கொடுத்தார். அன்றைக்கும் மறுநாளும் அடித்துப் பார்த்தேன், எடுக்கவில்லை. பேரேட்டில் தெலுக் இந்தானில் ஒரு சாப்பாட்டுக் கடை முகவரி இருந்தது. வியாழக்கிழமை பஸ் பிடித்தேன். இந்தப் பஸ் நிற்கிற ஒவ்வொரு இடத்திலும் எழுந்து எழுந்து உட்கார்ந்தேன். மடியில் இரண்டாம் பாகம் இருந்தது. உண்மையைச் சொல்லட்டுமா, அந்த நிலையிலும் பத்துப் பக்கம் படித்தேன். பவானியை அவள் வீட்டிலிருந்து துரத்தியவர்களை மனதுக்குள் திட்டிக்கொண்டே படித்தேன்.

கடையில் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தவர்தான் அந்தப் பெண்ணின் அப்பா. என் முகத்தைப் பார்த்தே ஏதோ வினை என்று தெரிந்துகொண்டார். "மொதல்ல பசியாறுங்க. அப்பறம் பேசலாம்" என்று தேத்தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். விடுமுறைக்கு வந்திருந்த மகளைக் கூப்பிட்டார்.

"அந்தப் பழைய அட்டையா, அக்கா? யாரோ அடையாளத்துக்கு வச்சிருக்காங்கன்னு நானும் அதையே வச்சிக்கிட்டுப் படிச்சேன்" என்றாள் அவள். "போனு கெட்டுப் போச்சு, அதான் எடுக்கல. ரெண்டே நாள்ல முடிச்சிட்டேன். நேத்து ஈப்போ போறப்ப புக்க குடுத்துட்டேனே. அட்டை உள்ளதான் இருந்திச்சு."

தேத்தண்ணீரை அப்படியே வைத்துவிட்டு ஓடினேன். கடை மூடுகிற நேரத்துக்கு ஈப்போ வந்து சேர்ந்து, மாடிப்படியில் மூச்சு வாங்க ஏறினேன். ஆன்ட்டி என்னைப் பார்த்து, இவளுக்கு மூன்றாம் பாகம் கேட்டு ஆத்திரம் என்று நினைத்துக்கொண்டார். நான் விஷயத்தைச் சொன்னதும் சாவதானமாக ஒரு புத்தகத்தை எடுத்து, முதுகைப் பிடித்துத் தலைகீழாக உதறிக் காட்டினார். திரும்பி வருகிற புத்தகத்தை எல்லாம் இப்படித்தான் செய்வாராம். பஸ் டிக்கெட், முடி, காய்ந்த இலை, ரசீது, என்னென்னவோ விழுமாம். எல்லாம் குப்பைக்கூடைக்குத்தான். குப்பை லாரி காலையிலேயே வந்துவிட்டுப் போய்விட்டது. முந்தின நாள் நான் தொலைபேசியைக் கட்டிக்கொண்டு அழாமல் கடையில் வந்து நின்றிருந்தால், அது என் காலடியில் விழுந்திருக்கும்.

ஆனால் இதுவரை நடந்ததெல்லாம் கவனக்குறைவு. என்னைத் தூங்கவிடாதது அதற்கு அடுத்த நாள். கெடு வைத்த வெள்ளிக்கிழமை இன்னும் பாக்கி இருந்தது. காலையில் பஸ்ஸில், "அக்கா, அட்டை தொலைஞ்சிருச்சு, இன்னைக்கே மண்டோர்கிட்ட கையெழுத்து வாங்கிடுங்க" என்று ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். மண்டோர் நாலு வீடு தள்ளித்தான் இருந்தார். சொல்லவில்லை. சொல்லிவிடலாம் என்று நான் வாயைத் திறந்தபோது அக்கா, "பவானி இப்ப எங்க வந்துட்டா?" என்றாள். நான் கதையைச் சொன்னேன். தொழிற்சாலை வாசல் வருகிறவரை மூச்சு விடாமல் சொன்னேன்.

நாலு மாதம் கழித்துப் பேர்ப்பட்டியலைக் கோயில் சுவரில் ஒட்டினார்கள். பதினாறாம் வீடு இருந்தது. அடுத்து பதினெட்டு. மாரியக்கா பட்டியலை விரலால் மேலிருந்து கீழே ஒரு தரம் தடவிப் பார்த்துவிட்டு, "சரி" என்று சொல்லித் தண்ணீர் பிடிக்கப் போய்விட்டாள். லயத்தை இடித்தபோது ஆயர் தாவாரில் தம்பி வீட்டுக்குப் போனாள். லாரியில் அவள் சாமான் பாதி இடம்கூடப் பிடிக்கவில்லை. நான் கதவிடுக்கில் நின்று பார்த்தேன், வெளியே வரவில்லை. நாங்கள் புது வீட்டுக்குப் போனோம். சிமெண்டுச் சுவர். தும்மினால் யாருக்கும் கேட்காது.

இரண்டு வருஷம் பொறுத்துத்தான் ஆயர் தாவாருக்குப் போனேன். தம்பி வீட்டு முன் அறையில் ஒரு கட்டில், அதுதான் அக்காவின் இடம். அதில் உட்காரவைத்து மைலோ கலக்கிக் கொடுத்தாள். குவளையைக் கையில் வைத்துக்கொண்டே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அழுதேன்.

"தெரியும்லா" என்றாள். "மறு திங்கக்கெழமயே ஆபீஸ்ல போயி கேட்டேன். என் பேர்ல ஒன்னுமே வரலன்னாங்க."

"அப்பறம் ஏன்கா என்ன ஒரு வார்த்த கேக்கல?"

"தேதி போயிருச்சு. ஒன்ன கேட்டா வந்துருமா? நாந்தான அந்தப் புக்க எடு எடுன்னு ஒன்ன வெரட்டுனேன்." சேலை முந்தானையால் என் கன்னத்தைத் துடைத்தாள். "வுடும்மா. பவானி என்னா ஆனா? கடைசில வூட்டுக்குப் போயிட்டாளா?"

அந்தத் திங்கட்கிழமைக்குப் பிறகும் அவள் என்னிடம் கதை கேட்டாள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. எல்லாம் தெரிந்துகொண்டு, பக்கத்தில் உட்கார்ந்து, பவானி மலையேறிய கதையைக் கேட்டிருக்கிறாள். நானோ இரண்டாம் பாகத்தோடு நிறுத்திவிட்டவள். மூன்றாவதைத் தொட எனக்குக் கூசியது. ஆனாலும், "போயிட்டாக்கா. நல்லபடியா போயிட்டா" என்றேன். அக்கா தலையை ஆட்டிச் சிரித்தாள்.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை நான் அந்தக் கூடைக்குப் பக்கத்தில் நின்றபடியே கடைசிப் பக்கத்தைப் புரட்டினேன். பவானி வீட்டுக்கு வந்துதான் சேர்கிறாள். ஆனால் கதவில் அதே எண், உள்ளே வேறு ஜனம். கொடியில் அவர்கள் துணி காய்கிறது. ஒரு சொம்புத் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு, தான் யாரென்று சொல்லாமல் போய்விடுகிறாள். அவ்வளவுதான்.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒரு பொய்யையாவது இன்றைக்குத் திருத்திவிட வேண்டும் என்று ஒரு வேகம். கைப்பேசியை எடுத்து ஆயர் தாவாருக்கு அடித்தேன். தீபாவளி, பொங்கல் என்று பேசிக்கொள்வதுதான், புதிதில்லை.

"அக்கா, பவானி வீட்டுக்குப் போகலக்கா. நான் அன்னைக்குப் பொய் சொல்லிட்டேன்."

"எந்தப் பவானி?"

"அதான்கா, பஸ்ஸுல கதை சொல்லுவேனே. நம்பர் வீடு, சங்கு, ஆத்தங்கரை."

"கதையா? அதெல்லாம் யாருக்கும்மா ஞாவகம் இருக்கு." அந்தப் பக்கம் தொலைக்காட்சிச் சத்தம் குறைந்தது. "நீ கூப்புடவும் நான் வேற நெனச்சேன். அந்த அட்ட கெடச்சிருச்சா?"

லயம் இருந்த இடத்தில் இப்போது கடைவீடுகள் வரிசையாக நிற்கின்றன. தொழிற்சாலை பஸ் நின்று பல வருஷமாகிறது. வாடகைப் புத்தகக் கடை இருந்த மாடியில் காப்பிக் கடை, படிக்கட்டு மட்டும் அதே படிக்கட்டு. இதையெல்லாம் நான் சமாதானமாகப் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன். அக்காவும் விட்டுவிட்டாள் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"இல்லக்கா" என்றேன். "இன்னும் தேடிக்கிட்டுத்தான் இருக்கேன்."

"ம். பாரும்மா" என்றாள். கைப்பேசியை வைத்துவிட்டு, கூடையில் மிச்சமிருந்த புத்தகங்களை ஒவ்வொன்றாக எடுத்து உதற ஆரம்பித்தேன்.